எடைக்குக் கூலி இல்லை: புனேயின் ‘ஸ்வச்’ குப்பைச் சேவை

புனேவுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையும் பள்ளிக்கூடமும். ஒரு வாரம் போனதும் அடுத்த கேள்வி வரும்: “குப்பையை எங்கே கொட்டுவது? தெருவில் தொட்டியே காணோமே?” எங்கள் பகுதியில் தொட்டி கிடையாது, காலையில் ஒரு அம்மா வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வார், மாதாமாதம் அவர் கையில் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று சொல்வேன். உடனே மூன்றாவது கேள்வி: “குப்பைக்குத் தனியாகக் காசா? சொத்து வரி கட்டுகிறோமே?”

அந்த மூன்றாவது கேள்விக்கு வாசலில் நின்றபடி பதில் சொல்லி முடியாது. பல வருடங்களாக நான் பயன்படுத்தும் சேவை இது. மின்விசிறி, மிக்ஸி வாங்கினால் நிறை குறை எழுதுகிறோம். ஊர் நாற்றமெடுக்காமல் இருக்கக் காரணமான இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் ஒருவராவது விவரமாக எழுத வேண்டாமா?

நான் வங்கி வேலையில் மாற்றலாகிப் புனே வந்தவள். ஓய்வுக்குப் பிறகும் கோத்ரூட் பகுதியிலேயே தங்கிவிட்டோம். எங்களுடையது லிப்ட் உள்ள ஏழு மாடிக் கட்டடம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகச் சில காலம் இருந்ததால், இந்தச் சேவையின் கணக்கு வழக்கு, சண்டை சச்சரவு எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போயிற்று.

முதலில், நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலை ஏழரை, எட்டு மணிவாக்கில் எங்கள் கட்டடத்துக்கு இருவர் வருகிறார்கள். மூத்தவரைக் குழந்தைகள் ‘மாவ்ஷி’ என்று கூப்பிடுவார்கள். மராட்டியில் சித்தி முறை. அதுவே எல்லோருக்கும் பழகிவிட்டது. அவர் என்னைக் ‘காக்கூ’ என்பார். கூட வருபவர் அவருடைய மருமகள். மேலங்கி போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருப்பார்கள். ஒருவர் மேல் மாடியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே மக்கும் குப்பையைப் பெரிய வாளியில் கவிழ்த்துக்கொண்டு நம் வாளியைத் திருப்பித் தருவார். மற்றவர் மக்காத குப்பையைச் சாக்கில் வாங்குவார். டயப்பரும் சானிட்டரி நாப்கினும் மூன்றாவது வகை. அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பொட்டு ஒன்று வைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். மக்கும் குப்பை கைவண்டியில் ஏறித் தெருமுனைக்கு அப்பால் மாநகராட்சி லாரி வந்து நிற்கும் இடத்துக்குப் போய்விடும். உர ஆலைக்கோ எரிவாயு நிலையத்துக்கோ அங்கிருந்து போகிறது. எங்கள் வீட்டுக்கு மாதக் கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது.

இதை நடத்துவது கம்பெனி அல்ல. ‘ஸ்வச்’ என்பது குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கம். 3,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித் சமூகத்தவர். பலருடைய குடும்பங்கள் 1972-ஆம் ஆண்டு மராட்டிய வறட்சியில் நிலம் காய்ந்து ஊரை விட்டுப் பிழைக்க வந்தவை. ஒரு காலத்தில் தெருக் குப்பைத்தொட்டிக்குள் இறங்கி, அழுகிய சோற்றுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் நடுவே காகிதமும் தகரமும் தேடியவர்கள். 1993-இல் இவர்கள் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’ (காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் மன்றம்) என்ற தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். சுமை தூக்குவோருக்குச் சங்கம் கட்டிய டாக்டர் பாபா ஆடாவ் துணை நின்றார். எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லட்சுமி நாராயணனும் பூர்ணிமா சிக்கர்மானேவும் வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் இந்தப் பெண்களோடு பழகத் தொடங்கி, பிறகு சங்க வேலையே வாழ்க்கையாக மாறிப்போனவர்கள்.

அந்தச் சங்கம் முதலில் கேட்டது சம்பளம் இல்லை, அடையாள அட்டை. தெருவில் சாக்கோடு நடந்தாலே திருடி என்று பிடித்து விசாரித்த காலம் அது. மாநகராட்சி ஒப்புதலோடு அட்டை கிடைத்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது என்று மாவ்ஷியே சொல்லியிருக்கிறார். பழைய அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இன்னமும் வைத்திருக்கிறார். பிற்பாடு மாநகராட்சி இவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுக்கும் பணம் கட்டியது. குப்பை சேகரிப்பில் இயந்திரமும் ஒப்பந்தக்காரர்களும் நுழையப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, தொட்டி போய்விட்டால் நம் பிழைப்பும் போய்விடுமே என்று இவர்கள் யோசித்தார்கள். தொட்டிக்கு வருவதற்கு முன்பே, வீட்டு வாசலிலேயே குப்பையை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘ஸ்வச்’. 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் ஆயிற்று.

சேவை ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு நான் கண்ட காரணத்தைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாவ்ஷிக்கு வருமானம் இரண்டு வழியில். ஒன்று, வீட்டுக்கு இவ்வளவு என்ற மாதக் கட்டணம். இன்னொன்று, மக்காத குப்பையைத் தரம் பிரித்துக் காயலான் கடையில் விற்று வரும் காசு. அந்தக் குப்பை அவர் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து அவருடைய பொருள். காகிதத்தில் சாம்பார் பட்டால் நஷ்டம் அவருக்கு. பால் கவர் அழுக்காக இருந்தால் விலை போகாது. ஆகவே பிரித்துக் கொடுங்கள் என்று அவர் கேட்பது சட்டத்துக்காகவோ விளம்பரத்துக்காகவோ இல்லை. தன் பொருளைக் கெடுக்காதீர்கள் என்று கேட்கிறார். கலந்து கொடுத்தால் வாசலிலேயே நிறுத்திச் சொல்வார். எந்த வீட்டில் எது கலக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

முன்பு வேறொரு ஊரில் குடியிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கும் பச்சை வாளி, நீல வாளி எல்லாம் கொடுத்தார்கள். நான் ஒழுங்காகப் பிரித்து வைப்பேன். ஒரு நாள் மாடியிலிருந்து பார்க்கிறேன், இரண்டு வாளியையும் ஒரே லாரிக்குள் கவிழ்த்து அமுக்கி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கீழே இறங்கி ஓடிப்போய்க் கேட்டதற்கு, “எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே அம்மா போகுது” என்றார் ஓட்டுநர். அவர் மீது கோபப்பட ஒன்றுமில்லை. அங்கே ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் கூலி. குப்பை கூடக் கூட அவருக்கு வருமானம். ஈரமான குப்பை கனக்கும். காகிதத்தையும் அட்டையையும் பிரித்தெடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பினால் எடை குறையும். அவர் எதற்குப் பிரிக்கப்போகிறார்? சென்னையிலும் 2000-ஆம் ஆண்டையொட்டிச் சில மண்டலங்களில் தனியார் குப்பை அள்ள வந்தபோது எடைக் கணக்கில்தான் பணம் கொடுத்தார்கள். 2020 ஒப்பந்தத்தில்தான் எடையை விட்டுவிட்டு, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துப் பணம் தரும் முறைக்கு மாறினார்கள். எடைக்குக் கூலி கொடுக்கும் ஊரில் மக்களை எத்தனை விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அழைத்தாலும் குப்பை கலந்துதான் போகும். புனேயில் கிலோவுக்கு ஒரு பைசா கூட மாவ்ஷிக்குக் கிடையாது. கிடங்குக்குப் போகும் குப்பை குறைந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிரித்து விற்றால் லாபம். ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது.

அவர் தரம் பிரிப்பதை ஒரு தடவையாவது கிட்டே நின்று பாருங்கள். எங்கள் வண்டி நிறுத்துமிடத்தின் பின் மூலையில், பம்ப் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். சாக்கைக் கவிழ்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்வார். பிளாஸ்டிக்கைக் கண்ணால் பார்ப்பதை விடக் கையால் நசுக்கித்தான் இனம் காண்கிறார். நசுக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் வந்தால் ஒரு குவியல், சத்தமில்லாமல் வளைந்து கொடுத்தால் வேறு குவியல். தண்ணீர் பாட்டிலின் உடல் ஒரு பக்கம் போகும்; அதன் மூடி வேறு வகை, அதற்குத் தனிப் பை. ஷாம்பு பாட்டில், எண்ணெய் டப்பா ஆகியவை கடினப் பிளாஸ்டிக் குவியலுக்கு. வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு விலை, செய்தித்தாளுக்கு ஒரு விலை, பழுப்பு அட்டைப்பெட்டிக்கு ஒரு விலை. மருந்து மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து ஒரு கணம் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடப்பதால் யாரும் வாங்குவதில்லை. முப்பது வருட அனுபவம் அவர் விரல் நுனியில் இருக்கிறது. பொறியியல் படித்த என் மகன் ஒரு விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தான். பாதிக்கு மேல் தப்பாகப் போட்டான்; மாவ்ஷி பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்து நசுக்கிக் காட்டினார்.

பால் கவர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மூலையைக் கத்தரித்துவிட்டுத்தான் பாலை ஊற்றுவோம். அந்தக் கத்தரித்த துண்டு விரல் நகத்தளவு இருக்கும். அதைப் பொறுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. சாக்கடைக்கோ உரத்துக்குள்ளோ போய்ச் சேரும். முழுவதும் வெட்டாமல், துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறிவிட்டால் போதும். பிறகு கவரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி (அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்), வெயிலில் காயப்போட்டுக் கொடுத்தால் அதற்கு நல்ல விலை. எங்கள் குடியிருப்பில் இன்று முக்கால்வாசி வீடுகள் இப்படிச் செய்கின்றன. பால்கனிக் கம்பிகளில் கிளிப் போட்டுப் பால் கவர்கள் தொங்கும். வந்த விருந்தாளிகள் விநோதமாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

தமிழ் வீடுகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு: தேங்காய். நாரும் ஓடும் மக்கும் குப்பைதான் என்றாலும் சீக்கிரத்தில் மக்காது, எரிவாயு நிலையத்துக்கும் உதவாது. மற்ற காய்கறிக் கழிவோடு போடாமல் தனியாகச் சேர்த்து வைக்கும்படி மாவ்ஷி கேட்டுக்கொண்டார். வாரம் ஒரு முறை கொட்டாங்கச்சிகளை வீட்டு அடுப்புக்கு எடுத்துப் போகிறார். பொங்கலுக்கும் ஆவணி விருந்துக்கும் வாழை இலை குவியும். முதல் நாளே சொல்லிவைத்தால் கூடுதல் வாளி கொண்டுவருவார்.

சிவப்புப் பொட்டு விஷயத்தில் நாம் எல்லோருமே கொஞ்சம் கூச்சத்தை விட வேண்டும். கலந்து வந்த குப்பையில் பழைய நாப்கினை வெறுங்கையால் பிரித்துப் போட வேண்டிய நிலை இந்தப் பெண்களுக்கு அன்றாடம் இருந்தது. 2013-இல் சங்கத்துப் பெண்கள் மூட்டை மூட்டையாகப் பயன்படுத்திய நாப்கின்களைச் சேர்த்து, அவற்றைத் தயாரித்த பெரிய கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். ‘உங்கள் பொருளை நாங்கள் எத்தனை காலம் கையால் எடுப்பது’ என்று கேட்ட போராட்டம் அது. நாப்கின் பாக்கெட்டோடு சுற்றிப் போட உறையும் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தயாரிப்பாளர்களுக்குச் சொல்லிவிட்டன. கடையில் வாங்கும் எல்லாப் பாக்கெட்டிலும் அந்த உறை இருப்பதில்லை. சங்கத்துப் பெண்கள் பழைய செய்தித்தாளில் ஒட்டிச் செய்யும் பைகள் மலிவு, வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் பழைய பேப்பரும் ஒரு சிவப்புப் பேனாவும் எந்த வீட்டில் இல்லை? இதற்குச் சோம்பல் படுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி என் மனத்தாங்கலைச் சொல்கிறேன். அது இந்தச் சேவையைப் பயன்படுத்தும் நம்மைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுவில் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார்: குப்பை வாங்க வருகிறவர்கள் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது, நாற்றம் அடிக்கிறது. மூன்று நான்கு பேர் தலையாட்டினார்கள். ஏழு மாடி, நிரம்பிய வாளி, ஐம்பது வயது கடந்த பெண். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “நாறுவது நம் வீட்டு நேற்றைய மீன் கழிவு. அவருடையது அல்ல. அவர் ஏறக் கூடாதென்றால் நாளையிலிருந்து அவரவர் வீட்டுக் குப்பையை அவரவரே கீழே கொண்டுவந்து வைப்போம், சம்மதமா?” என்று கேட்டேன். யாரும் சம்மதிக்கவில்லை, தீர்மானம் விழுந்தது. மூடியுள்ள வாளிகள் இரண்டு வாங்கிக் கொடுத்ததில் நாற்றப் பேச்சும் அடங்கியது. எங்கள் தெருவிலேயே இன்னொரு கட்டடத்தில் இன்றும் அவர்களுக்கு லிப்ட் கிடையாது. அந்தக் கட்டடத்து வாசலில் ‘அனைவரும் சமம்’ என்ற பொருளில் ஒரு பலகை இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் வேதனையாக இருக்கும்.

அடுத்தது கட்டணம். சொத்து வரி கட்டுகிறோமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரியிலிருந்து மாவ்ஷிக்குச் சம்பளம் வருவதில்லை. கைவண்டி, கையுறை போன்றவற்றுக்கும் மேற்பார்வைக்கும்தான் மாநகராட்சி செலவழிக்கிறது. வாசல் சேகரிப்புக்கு வீட்டுக்காரர்கள் கொடுப்பதே கூலி. இதனால் நகரத்துக்கு மிச்சம்; அந்த மிச்சம் இந்தப் பெண்களின் முதுகிலிருந்து வருகிறது. மாதம் பிறந்ததும் மூன்று தடவை நடக்கவைத்து, “சில்லறை இல்லை, நாளைக்கு வா” என்று சொல்கிற வீடுகள் எங்கள் கட்டடத்திலும் இருந்தன. ஒரே தடவையில் இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சாப்பாடு வரவழைக்கிறவர்களுக்கு இந்தத் தொகைக்குச் சில்லறை இல்லாமல் போகிறது. செயலாளராக இருந்தபோது நான் செய்த ஒரே உருப்படியான காரியம், கட்டணத்தைப் பராமரிப்புத் தொகையோடு சேர்த்து வசூலித்து, மாதத்தின் முதல் வாரத்தில் மாவ்ஷி கையில் மொத்தமாகக் கொடுக்கும்படி மாற்றியதுதான். ரசீதும் வாங்கிவிடுகிறோம். உங்கள் குடியிருப்பிலும் இதைச் செய்யுங்கள்.

ஏற்பாட்டில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த முறையில் உழைப்பவருக்கு நிச்சயமான மாதச் சம்பளம் இல்லை. பழைய காகிதத்தின் விலை சரிந்தால் அந்த மாதம் வீட்டில் அடுப்பு தணியும். 2020 ஊரடங்கில் ஊரே கதவடைத்தபோது இவர்கள் குப்பை வாங்க வந்துகொண்டுதான் இருந்தார்கள். காயலான் கடைகள் மூடியிருந்ததால் பிரித்த சரக்கை விற்க வழியில்லாமல் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. உடம்பு சரியில்லை என்றால் ஈடுக்கு ஆளை அவர்களேதான் பார்க்க வேண்டும். எங்கள் மாவ்ஷி வராத நாளில் அவருடைய நாத்தனார் வந்துவிடுவார்; நமக்கு ஒரு நாளும் தடையில்லை. அந்தத் தடையின்மைக்கு அவர்கள் வீட்டில் யார் எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

விலை போகாத குப்பை இன்னொரு பாரம். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, தெர்மாகோல் எல்லாம் கூடிக்கொண்டே போகின்றன. முன்பு ஒரு சாக்கில் பாதி விற்கக்கூடிய சரக்கு இருந்தது, இப்போது உறைகளே அதிகம் என்பது மாவ்ஷியின் கணக்கு. விற்றாலும் விற்காவிட்டாலும் அவர் சுமந்துதான் ஆக வேண்டும். போதாக்குறைக்கு நாமும் விலை போகும் செய்தித்தாளையும் பாட்டிலையும் தனியாக எடுத்து வைத்துக் காயலான் கடைக்கு விற்றுவிட்டு, உறையை மட்டும் அவரிடம் கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் அதை நிறுத்திவிட்டோம். வருடத்துக்கு நமக்குச் சில நூறு ரூபாய். பல வீடுகள் சேர்ந்தால் அவருக்கு அது பெரிய தொகை.

ஒப்பந்தத்தின் நிலையின்மையையும் குறையாகவே சொல்வேன். முதல் ஒப்பந்தம் முடிந்த பிறகு புதியது 2016-இல்தான் வந்தது. அதுவும் 2020 முடிவில் காலாவதியானபோது, குறுகிய கால நீட்டிப்புகளில் ஓட்டினார்கள்; ஒப்பந்தக்காரர்களைக் கொண்டுவரலாமா என்ற பேச்சும் கிளம்பியது. இத்தனை ஆயிரம் பேருடைய பிழைப்பை அடுத்த மாதம் உண்டா இல்லையா என்ற நிலையில் வைப்பது தகாது. அந்த நாட்களில் குடியிருப்போர் பலர் இவர்களே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் எங்கள் கட்டடத்தில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். பிரிக்கச் சோம்பல்படும் வீடுகள் கூட மறுக்காமல் போட்டன.

புனே ஒரு நாளைக்கு 2,000 டன்னுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நகரம். அந்தக் குப்பை ஆண்டாண்டு காலமாக குப்பைக் கிடங்கு இருந்த உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராமங்களின் தலையில்தான் விழுந்தது. கிணற்று நீர் கெட்டது, காற்று கெட்டது. அந்த ஊர் மக்கள் பல முறை லாரிகளை மறித்தார்கள். மறித்த நாட்களில் நகரத்துக்குள் குப்பை தேங்கி நாறியது. குப்பை எங்கே போகிறது என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நாம் கலந்து போடும் ஒவ்வொரு வாளியும் அந்த ஊர்க்காரர்களின் கிணற்றுக்குப் போகிறது என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். ஒரு முறை அந்தப் பக்கமாகச் சாஸ்வட் சாலையில் போய் வாருங்கள், போதும்.

விநாயகர் சதுர்த்தி சமயத்தில் இவர்கள் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கரைக்கும் நாளில் முட்டா நதிப் படித்துறையில் ‘ஸ்வச்’ பெண்கள் நிற்பார்கள். பிள்ளையாரை நீரில் இறக்குவதற்கு முன் மாலை, அருகம்புல், பூக்கள், தேங்காய் எல்லாவற்றையும் மரியாதையோடு கேட்டு வாங்கித் தனியே சேர்ப்பார்கள். பிளாஸ்டிக் ஜிகினாவைப் பிரித்து, பூக்களை உரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சாதாரண நாளில் லிப்டில் ஏற விடாதவர்கள், அன்றைக்குச் சாமி மாலையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

புனேவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நடைமுறை விவரம். உங்கள் கட்டடத்துக்கு யாரும் வரவில்லை என்றால் வார்டு ‘ஆரோக்ய கோட்டி’யில் விசாரியுங்கள், மாநகராட்சியின் துப்புரவு அலுவலகத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அங்கே தெரியும். வருகிறவரிடம் மேலங்கியும் அட்டையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மக்கும் குப்பைக்குப் பிளாஸ்டிக் பை போட்ட வாளி வேண்டாம். அடியில் பழைய செய்தித்தாள் விரித்தால் வாளி கழுவுவதும் எளிது. பிளேடு, உடைந்த கண்ணாடி, ஊசி எதுவானாலும் தடித்த காகிதத்தில் சுற்றி, வாயால் ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். மாவ்ஷியின் இடது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது. யாரோ சுற்றாமல் போட்ட டியூப்லைட் துண்டு. பழைய செல்போன், சார்ஜர், பேட்டரி ஆகியவற்றை அன்றாடக் குப்பையில் சேர்க்காமல், மின்னணுக் கழிவுக்கென்று அவர்கள் நடத்தும் சேகரிப்பு முகாமில் கொடுத்துவிடுங்கள்.

குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், எல்லோருக்கும் கொடுக்கும் டம்ளரிலேயே. தீபாவளிக்கு ஒரு மாதக் கட்டணத்தைத் தனியாகக் கொடுப்பது இங்கே வழக்கம். பழைய புடவையையும் மிச்ச இனிப்பையும் கொடுத்து அதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள், பணமாகவே கொடுங்கள்.